யார் பாட்டு, யார் வாய்

காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோ இருந்தது. 1940-களின் நடுவில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அங்கே படப்பிடிப்புத் தளம் போட்டார். ‘நாம் இருவர்’ படம் உருவானது அங்கேதான். அதில் பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ வருகிறது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடுகிறார். படம் வெளியானது 1947 தொடக்கத்தில். ஆகஸ்ட் 15-க்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. பாரதி இறந்ததோ 1921-இல். எழுதியவர் கண்ணால் காணாத, படம் எடுத்தவர்களும் அதுவரை காணாத ஒன்றை அந்தப் பாட்டு ‘அடைந்துவிட்டோம்’ என்கிறது.

எவ்வளவு பெரிய துணிச்சல் அது! ‘அடைய வேண்டும்’ என்றால் கோரிக்கை. ‘அடைவோம்’ என்றால் வாக்குறுதி. இரண்டையும் மறுத்துப் பேசலாம். எப்போது, எப்படி, யார் தருவார்கள் என்று கேட்கலாம். ‘அடைந்துவிட்டோம்’ என்று ஒரு குழந்தை ஆடிக்கொண்டே சொல்லும்போது அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. நீயும் ஆட வருகிறாயா என்பது மட்டும்தான் மிச்சம். பாட்டின் வரிசையையும் பாருங்கள். முதலில் ஆடச் சொல்கிறது, பாடச் சொல்கிறது, அப்புறம்தான் காரணம். கால் தாளத்துக்கு வந்த பிறகு வந்து சேரும் காரணத்தை எவர் சோதித்துப் பார்க்கிறார்?

பாட்டு ஒருவரை எப்படி இணங்க வைக்கிறது என்பதைப் பற்றி நான் வெகுகாலமாக யோசித்து வருகிறேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் அது என் வேலையும்கூட. ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார். கேட்டவரைக் கட்டிப்போட வேண்டும், கேட்காதவரும் கேட்க ஆசைப்பட வேண்டும். மேடைப் பேச்சுக்குச் சொன்னதாக இதை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பேச்சாளருக்கு இல்லாத ஒரு வசதி பாட்டுக்கு இருக்கிறது. பேச்சாளர் சொன்னதை நாம் வீட்டுக்குப் போய்த் திருப்பிச் சொல்வதில்லை. பாட்டைச் சொல்கிறோம். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, நம் குரலிலேயே சொல்கிறோம். பாட்டில் இருக்கும் ‘நான்’ அப்போது பாடகரும் கவிஞரும் இல்லை, நாமேதான். இப்படித்தான் பாட்டு நம் வாயைக் கொண்டே நம்மைச் சம்மதிக்க வைக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டுப் பாடும்போது இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். யார் அடித்தார்கள், மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று கேள்வியாகவே போகும். அப்புறம் அம்மான் வருவார், தங்கத்தில் தொட்டில் கொண்டு வருவார், கப்பலில் சீர் வரும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு சொல்லும் புரியாது. பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மானுக்கு எல்லாம் புரியும். நேரில் கேட்டால் சண்டையாகிவிடக்கூடிய ஒன்றை, தூங்கும் குழந்தையிடம் சொல்வதுபோல ஊரறியச் சொல்லிவிடுவார் ஆயா. எந்த அம்மானும் எழுந்து வந்து அந்தப் பாட்டை மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மூன்றாவது வகை தெரியும். நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காவடி பல தலைமுறைகளாக அந்த வழியில் போகிறது. நத்தம், திண்டுக்கல் தாண்டும்போது பாதம் வெடித்திருக்கும். முன்னால் போகிறவர் ஒரு வரி எடுப்பார், பின்னால் வருகிறவர்கள் வாங்கிச் சொல்வார்கள். முடியவில்லை என்று சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் ‘அரோகரா’ வந்துவிடும். ‘உன்னால் முடியும்’ என்று ஒருவரும் அங்கே எடுத்துச் சொல்வதில்லை. மூச்சு ஒன்றாகிறது, கால் தானாகப் போகிறது. கோஷமும் வாங்கிப் பாடுவதும் எல்லா மதத்திலும் எல்லாக் கட்சியிலும் இருப்பதன் காரணம் இதுதான்.

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன். இதில் எங்கள் செட்டிநாட்டு மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த கண்ணதாசனை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. அவர் எழுதியதில் ஒரு பாட்டு ஒரு மனிதரை எப்படித் திருப்பியது என்பதற்குச் சாட்சியே இருக்கிறது. 1962-இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்தின் ‘மயக்கமா கலக்கமா’. வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த வாலி, பி.பி. ஸ்ரீனிவாஸ் தான் அப்போது பாடியிருந்த அந்தப் பாட்டைப் பாடிக் காட்டக் கேட்டு, ஊருக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டார். வாலியே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

என்ன நடந்தது அந்தப் பாட்டில்? முதல் நான்கு துண்டும் கேள்வி. மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா. இன்னும் ஒரு புத்திமதியும் வரவில்லை. கேட்கிறவர் மனசுக்குள் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். தன் நிலைமை இன்னதென்று தனக்கே தெரியாமல் தவிக்கிறவருக்கு, அதன் பெயரைச் சரியாகச் சொல்லும் ஆள் மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. கண்ணதாசன் அதற்குப் பிறகுதான் அறிவுரைக்கு வருகிறார். ஸ்ரீனிவாஸின் குரலும் கட்டளையிடும் குரல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல். இதே வரிகளை வேறொரு கம்பீரமான குரல் பாடியிருந்தால் வாலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போயிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அறிவுரையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியான வாதம் இல்லை. உனக்குக் கீழே கோடிப் பேர் இருக்கிறார்கள், அதை நினைத்து நிம்மதி தேடு என்கிறது. கீழே கோடிப் பேர் இருப்பதால் என் கடன் அடையுமா? ஏன் அத்தனை பேர் கீழே இருக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டிய ஒருவரை இந்த வரி ஆற்றுப்படுத்தி உட்கார வைத்துவிடாதா? இந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் மனம் உடைந்த ஒரு இரவில் யாருக்காவது இந்தப் பாட்டு கை கொடுத்தால், அந்த நேரத்தில் தர்க்கத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போக மாட்டேன்.

சென்னையிலேயே தங்கிவிட்ட வாலி 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கு ‘நான் ஆணையிட்டால்’ எழுதினார். தமிழ்நாட்டில் மக்களை இணங்க வைத்த பாட்டுகளை வரிசைப்படுத்தினால் இதற்கு முதலிடம் கொடுப்பேன். நான் ஆணையிட்டால், அது நடந்துவிட்டால், இங்கு ஏழைகள் வேதனைப்பட மாட்டார். எல்லாம் ‘ஆல்’, ‘ஆல்’ என்று நிபந்தனையாகவே வருகிறது. ஆணையிடும் பதவி வந்தால்தானே? வந்தாலும் நடந்தால்தானே? உரைநடையில் இத்தனை ‘ஆல்’ போட்டுப் பேசுகிற ஆளை நம்ப மாட்டோம். பாட்டில் அந்த ‘ஆல்’ ஓசையாகிவிடுகிறது. ஒன்றோடொன்று இயைந்து வரும்போது அது சந்தேகத்தின் குறியாகக் காதில் விழுவதில்லை, தாளத்தின் அடியாக விழுகிறது. இரண்டு நிபந்தனையும் கரைந்துபோய், வாக்குறுதி மட்டும் கேட்கிறவர் கையில் தங்குகிறது.

படமாக்கிய விதமும் அப்படித்தான். எம்.ஜி.ஆர். கையில் சாட்டை. எதிரே நம்பியார். படிக்கட்டில் மேலும் கீழும் போகிறார். இதுவரை அடி வாங்கியவர்கள் பக்கம் சாட்டை மாறிவிட்டது என்பதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. 1977-இல் அவர் முதலமைச்சரானதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு, ஒரு பாட்டை மட்டும் கைகாட்ட முடியாது. ஆனால் கொட்டகையிலும் கல்யாண மைக் செட்டிலும் அந்த ‘நானை’த் தன் வாயால் பாடிப் பழகிய ஒருவருக்கு, அவருக்கு ஓட்டுப் போடுவது தன் ஆணையைத் தானே நிறைவேற்றுவது போலத்தான் இருந்திருக்கும்.

ஓசை உண்மையின் வேடம் போடுகிறது என்பதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மாத்யூ மெக்ளோன், ஜெசிகா டோஃபிக்பக்‌ஷ் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதிகம் பேர் அறியாத பழமொழிகளை எடுத்து, ஓசை இயைந்த வடிவத்தையும், அதே பொருளை இயைபு இல்லாமல் சொன்ன வடிவத்தையும் ஆட்களிடம் கொடுத்து, எது எவ்வளவு சரி என்று கேட்டார்கள். இயைபு இருந்ததைத்தான் அதிகம் சரி என்றார்கள். சொல்லும் விதத்தையும் சொல்லப்படும் பொருளையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த மயக்கம் பெரிதும் குறைந்தது.

தமிழில் இது இன்னும் ஆழமாகப் போகும். எங்களுக்கு எதுகையும் மோனையும் அலங்காரம் மட்டும் இல்லை, செய்யுளின் எலும்பே அதுதான். ‘அச்சம் என்பது மடமையடா’ என்று 1960-இல் ‘மன்னாதி மன்ன’னுக்குக் கண்ணதாசன் எழுதினார். அடுத்த அடியில் அஞ்சாமை திராவிடரின் ‘உடமையடா’ என்று வரும். மடமை, உடமை. அச்சம் ஏன் மடமை? பல நேரம் அச்சம்தானே உயிரைக் காக்கிறது? திருக்குறளே ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று சொல்கிறதே? இவற்றையெல்லாம் கேட்க விடாமல் அந்த இரண்டு சொல்லும் பூட்டும் சாவியும் போலப் பொருந்திக்கொள்கின்றன. பொருத்தமே நிரூபணமாகிவிடுகிறது. போகிற போக்கில் ஓர் அரசியல் அடையாளமும் நெஞ்சில் பதிகிறது. அப்போது கண்ணதாசன் தி.மு.க.வில் இருந்தார். அடுத்த ஆண்டே விலகிவிட்டார். பாட்டு விலகவில்லை, இன்றும் அவருடைய அன்றைய அணிக்காகவே ஒலிக்கிறது.

வகுப்பில் நான் ஒரு பயிற்சி கொடுப்பேன். பிடித்த பாட்டின் வரிகளை எதுகை, மோனை இல்லாத சாதாரண வாக்கியமாக எழுதி வாருங்கள், அதை மெட்டில்லாமல் உரக்கப் படியுங்கள், அப்புறமும் உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள் என்பேன். ஒரு மாணவர் எழுந்து, “மேடம், பாட்டைப் பிரிச்சுட்டா அது பாட்டே இல்லையே” என்றார். நியாயமான பேச்சு. மறுபடி சேர்த்துப் பாடுங்கள், ஒரு தடவை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாடுங்கள் என்றேன். அவர் எடுத்து வந்திருந்தது ஒரு சாதிப் பெருமைப் பாட்டு. யூடியூபில் இப்படி நிறைய வருகின்றன, எங்கள் பக்கத்துத் திருவிழா நேரத்தில் வண்டிகளில் அலறிக்கொண்டு போகின்றன. அதைப் பிரித்து எழுதியபோது மிஞ்சியது மூன்று செய்தி: நாங்க பெரியவங்க, நாங்க பயப்பட மாட்டோம், எதிர்த்தா சும்மா விட மாட்டோம். யார் எதிர்த்தார்கள், எதற்கு என்று ஒரு வரியிலும் இல்லை. அவர் அதைப் படித்து முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை.

அங்கேதான் பாரதி திரும்பவும் நினைவுக்கு வந்தார். ‘நாம் எல்லோரும் சமம்’ என்கிறது அந்தப் பள்ளு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. சாதிப் பாட்டில் வருவதோ ‘நாங்க’. கேட்கிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால், அவருக்கு அந்தப் பாட்டு மிரட்டல். உள்ளே இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கோ அது பெருமை. ஒரே பாட்டு தெருவின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாகக் கேட்கிறது. இதைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். ஒரு பையன் கையில் அரிவாளை எடுக்கும் முன் எத்தனை தடவை அந்த ‘நாங்க’வை வாயால் பாடியிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பாட்டுகளின் வீடியோக்களில் எங்கள் வீடுகள் வருகின்றன. இது எனக்கு இன்னொரு வலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தெருவே ஒரு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்போதிருந்தே செட்டிநாட்டு வீடு திரையில் ஒரு வேலை செய்து வருகிறது. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், வளவில் ஆத்தங்குடிக் கல், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. நாயகன் நடுவில் நின்றால் போதும். இவன் பரம்பரைக்காரன், சொன்ன சொல் தவறாதவன் என்று வீடு சாட்சி சொல்லிவிடும். நகை விளம்பரத்துக்கும் இதே வீடு, பட்டுச் சேலை விளம்பரத்துக்கும் இதே வீடு. இப்போது ட்ரோன் வந்துவிட்டதால், ஓட்டுக் கூரைகளின் வரிசைக்கு மேலிருந்து இறங்கி முற்றத்தில் முடியும் அந்த ஒரே காட்சியை எல்லோரும் எடுக்கிறார்கள்.

சாட்சி சொல்லும் வீட்டின் கதையை யாரும் கேட்பதில்லை. காலம் காலமாக இங்கேயே வேர்விட்ட செல்வம் போலத் திரையில் தெரிகிறது. பணம் வந்தது கடல் தாண்டி. 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வயல் செட்டியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளிடமிருந்து வந்த நிலம் அதில் பெரும்பகுதி. அப்புறம் ஜப்பான் படை வந்தது, பர்மா சுதந்திரம் பெற்றது, நிலம் போயிற்று. இன்று பல வீடுகள் பூட்டிக் கிடப்பதும் அந்தக் கதையின் பகுதிதான். இதை எழுதுவதால் என் முன்னோரை நான் தாழ்த்தவில்லை. அந்த வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவள் நான். தூண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கட்டிப்பிடிக்க விரும்புகிறேன், அவ்வளவுதான்.

அதனால்தான் 2021-இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னை அப்படி உலுக்கியது. அறிவு தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டு என்று சொல்லியிருக்கிறார். நிலமில்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அவர்களின் வழி. எங்கள் ஐயாக்கள் கணக்குப் புத்தகத்தோடு போன அதே கடல். மரம் வளர்த்தேன், தோட்டம் போட்டேன், தோட்டம் செழித்தும் என் தொண்டை நனையவில்லை என்று ஒப்பாரியாகத் தொடங்கும் இடத்தில் எவ்வளவு பெரிய வழக்கு இருக்கிறது! தோட்டம், தொண்டை என்று மோனை சேர்கிறது, ஆனால் இங்கே ஓசை எதையும் மூடி மறைக்கவில்லை. செழித்ததையும் நனையாததையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து நிறுத்துகிறது. குற்றவாளி யார் என்று பெயர் சொல்லவில்லை. கேட்கிறவரே தேடிக்கொள்ள வேண்டும். நான் தேடினேன், தேடிய வழியில் எங்கள் வீட்டு முகப்பும் வந்தது.

அண்ணன் மகளும் அவள் தோழிகளும் இப்போது ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊருணியில் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லும் வீடியோ. கூரையில் விழும் மழையை வீணாக்காமல் சேர்த்த ஊரில், குடிக்கத் தோண்டிய ஊருணி பிளாஸ்டிக் பையால் நிரம்பிக் கிடப்பது அவளுக்குத் தாங்கவில்லை. முதலில் எழுதிய பல்லவி முழுக்கக் ‘கொட்டாதே, கொட்டாதே’. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொட்டுகிறவர் எவரும் அதைத் தன் வாயால் பாட மாட்டார் என்றேன். அவர் பாடும்படி எழுது என்றேன். தண்ணீர் தெளிந்துவிட்டது, படியில் இறங்குகிறோம், கையில் அள்ளுகிறோம் என்று நடந்து முடிந்ததாகவே எழுதிப் பாரேன் என்றும் சொன்னேன்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா அயித்தை?” என்று கேட்டாள்.

சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். கேமராவை ஊருணியின் இன்றைய நிலைமை மேல் வை, பாட்டு தெளிந்த தண்ணீரைப் பாடட்டும். கண் பார்ப்பதற்கும் காது கேட்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். அவளுக்கு அரை மனசுதான். ‘நாங்க’ இருந்த இடத்தில் ‘நாம’ போட்டால் தாளம் இடிக்கிறது என்று வேறு சொல்கிறாள். பாடிக் காட்டினாள், இடிக்கத்தான் செய்கிறது. பல்லவி இன்னும் முடியவில்லை. மழைக்கு முன் படம் பிடித்துவிட வேண்டும் என்கிறார்கள். உங்களுக்கு ஒரு நல்ல வரி தோன்றினால் எழுதி அனுப்புங்கள், அவளிடம் கொடுக்கிறேன்.